சோயா பால் எடுத்ததும் மிஞ்சற சக்கை: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

கோயம்புத்தூர் பக்கம் எங்களைச் சுத்தி வீட்லயே சோயா பால் எடுக்கறவங்க நிறைய பேர் ஆயிட்டாங்க. மாட்டுப்பால் வயித்துக்கு ஒத்துக்காதவங்க, வீகனா மாறினவங்க, கடையில விக்கற டப்பா பால் விலை கட்டுபடியாகாதவங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம். பால் எடுக்கறது எப்படின்னு முதல்ல கேப்பாங்க, எடுத்து முடிச்ச அன்னிக்கே அடுத்த கேள்வி வந்துடும், இந்த சக்கையை என்ன பண்றதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கேன்.

"வடிகட்டினதுக்கப்புறம் துணியில நிக்குதே அந்த சக்கை, அதை மனுஷங்க சாப்பிடலாமாங்க? இல்ல மாட்டுக்குத்தானா?"

தாராளமா சாப்பிடலாம். சோயா பீன்ஸ்ல இருந்து தண்ணியில கரையறது பாலா வந்துடுது, கரையாதது சக்கையா நிக்குது, அவ்வளவுதான். கழிவுன்னு நினைக்க வேண்டியதே இல்ல. ஒரே ஒரு நிபந்தனை, நல்லா வெந்திருக்கணும். அது ஏன்னு அடுத்த பதில்ல சொல்றேன்.

ஆரம்பத்துலயே ஒண்ணு மனசுல வாங்கிக்கோங்க, கீழ வர்ற பாதி கேள்விக்கு இதுலயே பதில் இருக்கு. இந்த சக்கைக்குன்னு பெருசா ருசி கிடையாது, பசையும் கிடையாது. ருசிக்கு மிளகாய், பூண்டு, தேங்காய்னு ஏதாச்சும் வேணும், பிடிச்சு நிக்கறதுக்கு பருப்போ மாவோ வேணும். இந்த ரெண்டையும் கொடுக்காம தனியா இதை வச்சு எதையாவது செஞ்சுட்டு நல்லா இல்லன்னு தூக்கிப் போடறவங்கதான் நிறைய.

"நான் ஊறவச்சு, மிக்ஸில அரைச்சு, வடிகட்டிட்டு பாலை மட்டும்தான் கொதிக்க விடறேன். அப்ப சக்கை பச்சையாதானே இருக்கு? அப்படியே தோசை மாவுல போட்டுக்கலாமா?"

கூடாதுங்க. பச்சை சோயாவுல ட்ரிப்சின் இன்ஹிபிட்டர்னு ஒண்ணு இருக்கு, நம்ம குடல்ல புரதத்தை உடைக்கற என்சைமை வேலை செய்ய விடாம தடுக்கும். லெக்டின்ங்கற இன்னொரு புரதமும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா வயித்து வலி, உப்புசம், சிலருக்கு வாந்தி வரைக்கும் போகும். தோசைக்கல்லுல ரெண்டு நிமிஷம் வேகறதெல்லாம் இதுக்குப் பத்தாது. ஈரத்தோட சேர்ந்த சூடுதான் இதுகளை நல்லா அழிக்கும், வெறும் வாணலியில வறட்டி எடுக்கறது அந்த அளவுக்கு நம்பகமில்ல.

அதனால பச்சை சக்கையா இருந்தா இட்லித் தட்டுல துணி விரிச்சு லேசா பரப்பி, ஆவி வந்ததுக்கப்புறம் 20 நிமிஷம் வேக விடுங்க. இல்லன்னா ஒரு கிண்ணத்துல போட்டு கொஞ்சம் தண்ணி தெளிச்சு குக்கர்ல 3 விசில். இதுக்குப் பிறகு எதுல வேணும்னாலும் சேர்க்கலாம்.

இன்னொரு வழி, ஜப்பான்ல செய்யற முறை, அரைச்ச விழுதை வடிகட்டாம அப்படியே கொதிக்க விட்டு அதுக்கப்புறம் வடிகட்டறது. பாலும் வெந்துடும் சக்கையும் வெந்துடும், ரெண்டு வேலை ஒண்ணாகுது. இதுல கவனிக்க வேண்டியது நுரை. அடுப்புல வச்ச கொஞ்ச நேரத்துலயே குபுகுபுன்னு பொங்கி வரும், கொதிச்சுடுச்சுன்னு நினைச்சு இறக்கிடுவாங்க, ஆனா அது உண்மையான கொதி இல்ல, சோயாவுல இருக்கற சபோனினால வர்ற நுரை. தீயைக் குறைச்சு நுரை அடங்கினதுக்கப்புறம் நிஜமா தளதளன்னு கொதிக்கும் பாருங்க, அதுல இருந்து ஒரு 10 நிமிஷமாவது கிண்டிட்டே இருக்கணும், கைவிட்டா அடிபிடிக்கும்.

"எங்க வீட்ல சோயா பால் மெஷின் இருக்கு. அதுல வர்ற சக்கையையும் வேகவைக்கணுமா?"

மெஷின் பீன்ஸையும் தண்ணியையும் சேர்த்து அரைச்சுக் கொதிக்க வைக்கற ரகமா இருந்தா வேண்டாம், வெந்துதான் வரும். சும்மா அரைச்சுக் கொடுக்கற, சூடே பண்ணாத மெஷினும் இருக்கு, பாதாம் பாலுக்குன்னு விக்கறாங்க, அதுல எடுத்தா மிக்ஸில எடுத்த மாதிரிதான், மேல சொன்னபடி ஆவியில வச்சுடுங்க.

"மீல் மேக்கரும் இதும் ஒண்ணுதானே? பிரியாணில போடலாமா?"

ஒண்ணு இல்ல. மீல் மேக்கர்ங்கறது சோயாவுல இருந்து எண்ணெயைப் பிரிச்சு எடுத்த பிறகு மிஞ்சற மாவை சூட்டோட அழுத்தி உருண்டையா வெளிய தள்றது. அதுல கிட்டத்தட்ட பாதி புரதம், மெல்லறதுக்கு கறி மாதிரி இருக்கும். நம்ம சக்கைல பால் போயிடுச்சு, நார்தான் அதிகம், உதிரியா இருக்கும். பிரியாணில போட்டா குழைஞ்சு மசாலாவை இழுத்துக்கும், அரிசியோட ஒட்டாது. ஆனா கொத்துக்கறி மாதிரி வறுத்து எடுக்கறதுக்கு சக்கை நல்லா வரும், வெங்காயம் தக்காளி பூண்டு சோம்பு கறிமசால் எல்லாம் நல்லா வதங்கி எண்ணெய் பிரிஞ்ச பிறகு போட்டு சிம்ல பத்து நிமிஷம் பிரட்டுங்க, சப்பாத்திக்கு அருமையா இருக்கும்.

"சத்தெல்லாம் பாலுக்கே போயிருக்குமே. சக்கைல என்னதான் மிச்சம் இருக்கு?"

நார்ச்சத்து. அதுதான் இதோட பலமே. முழுசா காயவச்ச சக்கையை எடுத்துக்கிட்டா ஏறக்குறைய பாதி நார், கால் பங்கு புரதம், பத்துல ஒரு பங்கு கொழுப்பு. ஆனா நம்ம கையில இருக்கறது ஈரச் சக்கை, அதுல முக்கால் பங்குக்கு மேல தண்ணி. அதனால ஈரமா 100 கிராம் சாப்பிட்டா புரதம் 3ல இருந்து 6 கிராம்தான் வரும், எவ்வளவு இறுக்கிப் பிழிஞ்சீங்கங்கறதைப் பொறுத்து. நார் நல்லா பிழிஞ்சதுல 10 கிராம் பக்கம் வரும், இது பெரிய விஷயம், நம்ம வீட்டுச் சாப்பாட்டுல வெள்ளைச் சோறும் மைதாவும் அதிகமாயிட்ட காலத்துல இந்த நாரைக் குப்பையில போடறதுதான் எனக்கு மனசு கேக்காது.

ஜிம்முக்குப் போறவங்க புரதத்துக்காக இதைத் தேடி சாப்பிட வேண்டாம். அதுக்கு சோயா பாலைக் குடிங்க, முழு பீன்ஸை சுண்டலா சாப்பிடுங்க.

"எவ்வளவு பீன்ஸ்க்கு எவ்வளவு சக்கை வரும்? எனக்கு ரொம்ப அதிகமா வருதே?"

100 கிராம் காஞ்ச பீன்ஸ்க்கு நல்லா பிழிஞ்சா 110, 120 கிராம் சக்கை வரும். வீட்ல கையால பிழியறப்ப 150 வரைக்கும் போகறது சகஜம். அதுக்கு மேல வருதுன்னா பால் உள்ளயே நிக்குதுன்னு அர்த்தம், ஒண்ணு சரியா அரையல, இல்ல சரியா பிழியல.

நெருக்கமா நெய்த பழைய வேட்டித் துணிதான் இதுக்கு சரி, டீ வடிகட்டி பத்தாது. விழுதை ஊத்தி மூட்டையா கட்டி முறுக்கிட்டே வாங்க. கொதிக்க வச்ச விழுதா இருந்தா கையை சுட்டுக்காதீங்க, கொஞ்சம் ஆற விட்டு, மூட்டை மேல கரண்டியாலயோ கனமான கிண்ணத்தாலயோ அழுத்துங்க. பிழிஞ்சு முடிச்சதும் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்க. உருண்டையா நிக்கணும், விரல் இடுக்குல தண்ணி வரக்கூடாது, கட்டைவிரலால தள்ளினா பொலபொலன்னு உதிரணும். இந்த மூணும் சரியா இருந்தா கீழ சொல்ற எல்லா பலகாரமும் சரியா வரும். ஈரம் அதிகமா இருந்தா எதுவுமே சரியா வராது.

"ஃப்ரிட்ஜ்ல எத்தனை நாள் தாங்கும்?"

ரெண்டு நாள், மிஞ்சிப்போனா மூணு. வெளிய வச்சா நம்ம ஊர் வெயிலுக்கு நாலஞ்சு மணி நேரத்துலயே புளிப்பு வாடை வந்துடும். ஈரமும் புரதமும் சேர்ந்து இருக்கறதால கிருமிக்கு இது விருந்து. வழவழப்பு, புளிச்ச வாடை, இளஞ்சிவப்பாவோ மஞ்சளாவோ திட்டு, இதுல எது தெரிஞ்சாலும் மறுபடி வேகவச்சு சாப்பிடறதெல்லாம் வேண்டாம், உரக்குழிக்குப் போகட்டும். ஃப்ரீசர்ல வைக்கறதா இருந்தா வேகவச்சு ஆறினதும் ஒரு வேளைக்கு ஆகற அளவா கவர்ல தட்டையா தட்டி வச்சுடுங்க, ரெண்டு மாசம் தாராளமா இருக்கும். எடுத்து உருகினதும் தண்ணி விட்டிருக்கும், மறுபடி ஒரு தடவை பிழிஞ்சுக்கோங்க.

இது எவ்வளவு சீக்கிரம் கெடும்ங்கறதுக்கு ஒரு வழக்கே இருக்கு. ஜப்பான்ல டோஃபு, அதாவது சோயா பன்னீர், செய்யற கடைகள்ல இருந்து சக்கையைக் காசு வாங்கிட்டு எடுத்துட்டுப் போய் பதப்படுத்தின ஒருத்தர் மேல, லைசன்ஸ் இல்லாம தொழிற்கழிவைக் கையாண்டதா கேஸ் போட்டாங்க. இது கழிவு இல்ல, உணவாவும் தீவனமாவும் உரமாவும் ஆகற பொருள்னு அவரோட வாதம். 1999ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இதை தொழிற்கழிவுன்னே தீர்ப்பு சொல்லிடுச்சு. சீக்கிரம் கெடும், பெரும்பகுதி யாரும் வாங்காம அப்புறப்படுத்தப்படுதுங்கறதுதான் முக்கிய காரணம். சக்கையை சமைச்சு சாப்பிடற பழக்கம் இருக்கற நாட்டுலயே இந்த நிலைமை. வீட்ல நமக்கு அந்தச் சிக்கல் இல்ல, ஒரு பிடி ரெண்டு பிடிதான், அன்னிக்கே தீர்த்துடலாம்.

"பச்சை பீன்ஸ் வாடை அடிக்குது, வீட்ல யாரும் தொட மாட்டேங்கறாங்க. என்ன பண்ணலாம்?"

அந்த வாடை பீன்ஸ்ல இல்ல, அரைக்கறப்ப வர்றது. பச்சைத் தண்ணி விட்டு அரைச்சா லிபாக்சிஜனேஸ்ங்கற என்சைம் சோயாவுல இருக்கற கொழுப்போடயும் காத்தோடயும் சேர்ந்து அந்த வாடையைக் கிளப்பி விடுது. ஊறின பீன்ஸை கொதிக்கற தண்ணியில அஞ்சு நிமிஷம் போட்டு எடுத்துட்டு, சுடுதண்ணி விட்டே அரைச்சா என்சைம் செத்துடும், வாடை பாதிக்கு மேல குறையும். மிக்ஸி மூடியை இறுக்கி மூடிட்டு சுடுதண்ணி அரைக்காதீங்க, ஆவி தள்ளி மூடி தெறிக்கும், கொஞ்சம் கொஞ்சமா விட்டு நிறுத்தி நிறுத்தி அரைங்க.

ஏற்கனவே வாடையோட வந்துட்ட சக்கையை ஆவியில வச்சு எடுத்த பிறகு அகல வாணலியில ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு சிம்ல வறுங்க. முதல்ல ஆவியா போகும், அப்புறம் வாணலி அடியில ஒட்டாம தனித்தனியா உருள ஆரம்பிக்கும், ஓரமெல்லாம் லேசா பழுப்பு ஏறும், அந்த நேரத்துல பச்சை வாடை போய் வறுத்த நிலக்கடலை வாசம் வரும். அது வந்ததும் அடுப்பை நிறுத்திடலாம்.

"முதல் தடவை செய்யறேன். சொதப்பாம வர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

உசிலி. என்னைக் கேட்டா இந்த சக்கைக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி ஒரு பதார்த்தம் நம்ம சமையல்ல இருக்குன்னா அது பருப்பு உசிலிதான். உதிரியா இருக்கறது அதுல குறையே இல்ல, அதுதான் வேணும். கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் சேர்த்து அரை கப் ஊறவச்சு, நாலு வரமிளகாய், பெருங்காயம், உப்பு போட்டு தண்ணி விடாம கரகரன்னு அரைச்சுக்கோங்க. ஒரு கப் சக்கையை அதோட கையால பிசறி இட்லித் தட்டுல வைங்க. இங்க ஒரு வசதி, சக்கை பச்சையா இருந்தாலும் பரவாயில்ல, ஒரே வேகல்ல ரெண்டும் வெந்துடும், 20 நிமிஷம் மட்டும் கணக்கா விட்டுடுங்க.

நல்லா ஆறின பிறகுதான் உதிர்க்கணும், சூட்டோட உதிர்த்தா கட்டி கட்டியா மசியும். நல்லெண்ணெய்ல கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளிச்சு உதிர்த்ததைப் போட்டு மொறுமொறுன்னு ஆகற வரைக்கும் பிரட்டிட்டு, தனியா வேகவச்ச பீன்ஸோ கொத்தவரங்காயோ வாழைப்பூவோ சேருங்க. எண்ணெய் மட்டும் வழக்கத்தைவிட ஒரு ஸ்பூன் கூட வேணும், நார் இழுத்துக்கும். மோர்க்குழம்போட வச்சா சக்கை சேர்ந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது.

"வடை போட்டேன், எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு போச்சு. மிச்சம் வந்தது எண்ணெயா குடிச்சிருக்கு. ஏன்?"

முதல் பதில்ல சொன்னேனே பசை இல்லன்னு, அதுதான். வெறும் சக்கையில வடை நிக்காது. ஒரு பங்கு சக்கைக்கு ஒரு பங்கு ஊறின கடலைப்பருப்பு வேணும், பருப்பைத் தண்ணி சொட்டக்கூட விடாம அரைக்கணும், ரெண்டு ஸ்பூன் அரிசி மாவோ பொட்டுக்கடலை மாவோ சேர்க்கணும். வெங்காயமும் உப்பும் கடைசியா, எண்ணெய் காய்ஞ்ச பிறகு கலந்துக்கோங்க, முன்னாடியே போட்டா வெங்காயம் தண்ணி விட்டு மாவு தளர்ந்துடும். சக்கையோட ஈரம் மேல சொன்ன பிடி அளவுல இருக்கணும்.

எண்ணெய் குடிக்கறதுக்கு காரணம் ரெண்டு, ஒண்ணு ஈரம், இன்னொண்ணு எண்ணெய் போதுமான அளவுக்குக் காயாதது. வடையை மெல்லிசா தட்டி, ஒரு நேரத்துல நாலஞ்சுக்கு மேல போடாம எடுங்க. எண்ணெயே வேண்டாம்னு நினைக்கறவங்க இதே மாவைப் பணியாரக் கல்லுல ஊத்தி எடுக்கலாம், எனக்கு அதுதான் பிடிச்சது, வெளிய மொறுமொறுப்பும் உள்ள மெத்துன்னும் வரும். உருண்டைக் குழம்புக்கும் இதே அளவுதான், ஆவியில வேகவச்சுட்டு குழம்புல போடுங்க, பச்சையா போட்டா கரைஞ்சுடும்.

"இட்லி, தோசை, சப்பாத்தி, இதுலெல்லாம் எவ்வளவு சேர்க்கலாம்?"

அடை: தாராளமா, பருப்போட பருப்பா அரைச்சுடலாம், நாலு பங்கு மாவுக்கு ஒரு பங்கு. தோசை: ரெண்டு கப் மாவுக்கு ஒரு கைப்பிடி, மிக்ஸில நைசா ஒரு சுத்து விட்டுட்டு ஊத்தப் போற நேரத்துல கலக்கணும். முதல் நாள் ராத்திரியே மாவுல போட்டு புளிக்க வச்சா சீக்கிரம் புளிச்சுடும், வாடையும் மாறிடும். இட்லிக்கு வேண்டாம்ங்கறது என் கருத்து. கொஞ்சமா போட்டா சேர்த்ததுக்கு அர்த்தமில்ல, அதிகமா போட்டா இட்லி கல்லு மாதிரி வரும்.

சப்பாத்திக்கு ரெண்டு கப் கோதுமை மாவுக்கு அரை கப் சக்கை. தண்ணியே விடாம முதல்ல மாவையும் சக்கையையும் உப்பையும் சேர்த்து நல்லா பிசறுங்க, சக்கைல இருக்கற ஈரமே பாதி வேலை பார்த்துடும், அப்புறம் தெளிச்சுத் தெளிச்சுப் பிசைங்க. சப்பாத்தி மிருதுவா வரும், ஆனா மாவை மறுநாளைக்கு வைக்காதீங்க. புட்டுக்கும் நல்லா இருக்கும், வறுத்த அரிசி மாவு ரெண்டு பங்கு, சக்கை ஒரு பங்கு, தேங்காய் கொஞ்சம் தாராளமா. சக்கையோட ஈரம் போதும், தண்ணி தெளிக்க வேண்டி வராது.

"இனிப்பு ஏதாச்சும் செய்ய முடியுமா?"

கொழுக்கட்டைக்குப் பூரணம் பண்ணலாம். ஒரு கப் வெந்த சக்கையை நெய்யில நிலக்கடலை வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, அரை கப் தேங்காய்த் துருவல், முக்கால் கப் வெல்லத்தைக் கரைச்சு வடிகட்டின பாகு, ஏலக்காய் போட்டு சுருள கிளறுங்க. வீகன்னா நெய்க்குப் பதிலா தேங்காய் எண்ணெய். வறுக்கறதுல அவசரப்பட்டா இனிப்புல பச்சை வாடை தூக்கலா தெரியும், கார ஐட்டத்துல மறையற அளவுக்கு இதுல மறையாது. ரெண்டு நாளைக்கு மேல வைக்க வேண்டாம்.

"காயவச்சு மாவா திரிச்சு வச்சுக்கலாமா?"

வச்சுக்கலாம், ஆனா வெந்த சக்கையா இருக்கணும், அப்புறம் ஒரே நாள்ல காயணும். சித்திரை வைகாசி வெயில்ல தாம்பாளத்துல மெல்லிசா பரப்பி, மேல மெல்லிய துணி போட்டு, மணிக்கு ஒரு தடவை கிளறி விட்டா சாயங்காலத்துக்குள்ள சலசலன்னு ஆயிடும். ஐப்பசி கார்த்திகை மழையில முயற்சியே பண்ணாதீங்க, காயறதுக்கு முன்னாடி புளிச்சுடும். ஓவன் இருந்தா 100 டிகிரில வச்சு அப்பப்ப கிளறணும், ரெண்டு மணி நேரம் ஆகும். இல்லன்னா வாணலியில சிம்மு.

மிக்ஸில திரிச்சு சலிச்சு வச்சா சப்பாத்தி மாவு, பிஸ்கட், தட்டை இதுக்கெல்லாம் மொத்த மாவுல அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் கலக்கலாம். கொழுப்பு இருக்கறதால வெளிய வச்சா சிக்கு வாடை வந்துடும், காத்துப்புகாத டப்பாவுல ஃப்ரிட்ஜ்ல வைங்க. இந்தக் காஞ்ச தூளை வரமிளகாய், உளுந்து, எள்ளு, பூண்டு, புளி கொஞ்சம் எல்லாம் வறுத்து சேர்த்துத் திரிச்சா இட்லிப் பொடி. எங்க வீட்ல சக்கை பெரும்பாலும் இப்படித்தான் தீருது. முறுக்கு தட்டைக்கு ஈரச் சக்கையை மட்டும் போடாதீங்க, உள்ள ஈரம் அடைபட்டு எண்ணெயில வெடிக்கும்.

"சாப்பிட்டா வாயு பிடிக்குது. தோலை எடுத்துட்டா குறையுமா?"

வாயுவுக்குக் காரணம் ரஃபினோஸ், ஸ்டேக்கியோஸ்ங்கற சர்க்கரைகள், நம்ம உடம்பால உடைக்க முடியாம பெருங்குடல்ல கிருமிகள் உடைக்கறப்ப வாயு வருது. தண்ணியில கரையற சாமான்ங்கறதால ஊறவச்ச தண்ணியைக் கொட்டிட்டு புதுத் தண்ணியில அரைச்சாலே கொஞ்சம் குறையும். தோல் எடுக்கறதால சக்கை நைசா, அளவு கம்மியா வரும், அதைத் தவிர பெரிய வித்தியாசம் இல்ல. கையால தேய்ச்சு மிதக்கற தோலை மட்டும் வடிச்சா போதும். அதோட நார் திடீர்னு அதிகமானாலே யாருக்கும் வயிறு உப்பும், அதனால முதல் வாரம் ஒரு நாளைக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன்ல ஆரம்பிங்க, தண்ணி நிறைய குடிங்க, பெருங்காயம், இஞ்சி, ஓமம் தாராளமா சேருங்க.

"தைராய்டுக்கு மாத்திரை போடறேன். சோயா ஆகாதுன்னு சொல்றாங்களே?"

தைராக்சின் மாத்திரை குடல்ல உறிஞ்சப்படறதை சோயா குறைக்கும், இது உண்மை. அதனால மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவுல சில மணி நேரம் இடைவெளி விடணும், ஒரு நாள் நிறைய ஒரு நாள் ஒண்ணுமே இல்லன்னு சாப்பிடாம ஒரே அளவா வச்சுக்கணும். காலையில வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டு உடனே சக்கை அடையும் சோயா பாலும் சாப்பிடறதுதான் தப்பு. சோயா சேர்க்க ஆரம்பிச்சதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லிடுங்க, அளவு மாத்த வேண்டியிருந்தா அவர் டெஸ்ட் பார்த்து மாத்துவார்.

"ஆம்பளைங்க சோயா சாப்பிட்டா ஹார்மோன் மாறிடும்னு என் வீட்டுக்காரர் தொடவே மாட்டேங்கறார்."

சோயாவுல ஐசோஃப்ளேவோன் இருக்கு, அது ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் மாதிரி அமைப்பு உள்ளது, பயம் அங்க இருந்து வருது. ஆனா ஆண்களை வச்சுப் பண்ணின ஆராய்ச்சிகளை மொத்தமா தொகுத்துப் பார்த்ததுல சோயா சாப்பிட்டதால டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் குறையலன்னுதான் வந்திருக்கு. சக்கைல ஐசோஃப்ளேவோன் ஒரு பகுதிதான், மிச்சம் பாலோட போயிடுது. தைரியமா சாப்பிடச் சொல்லுங்க, வாழைப்பூ உசிலியில இருந்து ஆரம்பிச்சா மறுக்க மாட்டார்.

"ஒன்றரை வயசுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?"

சோயா அலர்ஜி உள்ள குழந்தைகள் உண்டு, அதனால முதல்ல துளியூண்டு கொடுத்து உடம்புல தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு வருதான்னு பாருங்க, வந்தா உடனே டாக்டர்கிட்ட போகணும். ஒத்துக்கிட்டா தோசையில சேர்ந்து வர்ற அளவு போதும். சின்ன வயிறு நாரால நிறைஞ்சுட்டா சோறு பருப்பு இறங்காது, வளர்ற குழந்தைக்கு அதுதான் முக்கியம்.

"மத்த நாடுகள்ல இதை என்ன பண்றாங்க?"

ஜப்பான்ல ஒகாரான்னு பேர், கேரட், காளான் எல்லாம் பொடியா நறுக்கிப் போட்டு சோயா சாஸ்ல வத்த விட்டு உனோஹானான்னு ஒரு கூட்டு செய்வாங்க. கொரியாவுல பிஜின்னு சொல்வாங்க, புளிச்ச கிம்ச்சியும் (அவங்க ஊர் முட்டைக்கோஸ் ஊறுகாய்) பன்றிக்கறியும் போட்டு கொதிக்கக் கொதிக்க கெட்டிக் குழம்பா சாப்பிடுவாங்க. என்னை ரொம்ப வியக்க வச்சது இந்தோனேசியா. மேற்கு ஜாவாவுல டோஃபு சக்கை மேல ஆரஞ்சு நிறப் பூஞ்சையை வளர்த்து ஓஞ்சோம்னு கட்டியா எடுத்து பொரிச்சு சாப்பிடறாங்க, மத்திய ஜாவாவுல இதே சக்கையில தெம்பே கெம்புஸ்னு ஒரு வகை. இதைப் படிச்சுட்டு வீட்ல பூஞ்சை பூத்த சக்கையைப் பொரிச்சுடாதீங்க, அவங்க போடறது தேர்ந்தெடுத்த பூஞ்சை, தானா பூக்கறது வேற.

"மாடு, ஆடு, கோழிக்குப் போடலாமா?"

கறவை மாட்டுக்குப் புண்ணாக்கு தவிட்டோட கலந்து போடலாம், அன்னிக்கு எடுத்தது அன்னிக்கே. யூரியா கலந்த தீவனமோ யூரியா ஏத்தின வைக்கோலோ கொடுக்கற மாடா இருந்தா பச்சைச் சக்கை கூடவே கூடாது, பச்சை சோயாவுல இருக்கற யூரியேஸ் அதை வேகமா அமோனியாவா மாத்திடும், மாட்டுக்கு ஆபத்து. ஆட்டுக்குக் கொஞ்சமா ஆரம்பிங்க, வயிறு உப்பிடும். கோழிக்கு வெந்தது மட்டும்தான், ரெண்டாவது பதில்ல சொன்ன ட்ரிப்சின் விஷயம் கோழிக்கும் பொருந்தும். உப்பு மசாலா சேர்ந்தது எதுக்குமே வேண்டாம்.

"செடிக்கு நேரா போட்டேன், நாத்தம் தாங்கல, செடியும் வாடுது."

வேர்ல குவிச்சுப் போட்டா அங்கயே புளிச்சு சூடாகும், ஈ, எறும்பு, எலி எல்லாம் வரும். நைட்ரஜன் நிறைஞ்ச பொருள், மக்கின பிறகுதான் செடிக்கு. இப்ப போட்டதை வழிச்சு எடுத்துடுங்க. ஒரு பங்கு சக்கைக்கு ரெண்டு மூணு பங்கு காஞ்ச இலையோ தென்னைநார்க் கழிவோ கலந்து உரத்தொட்டியில போட்டு, மேல ஒரு அடுக்கு மண்ணு தூவி மூடி, வாரத்துக்கு ரெண்டு தடவை கிளறி விடுங்க. நாத்தம் வந்தா ஈரம் அதிகம்னு அர்த்தம், காஞ்ச இலையை இன்னும் சேருங்க.

"ஒரே சக்கையில ரெண்டாவது தடவை பால் எடுக்கலாமா?"

எடுக்கலாம், தேங்காய்ப் பால் எடுக்கற மாதிரிதான். சக்கை மூழ்கற அளவு சுடுதண்ணி விட்டு மறுபடி ஒரு சுத்து அரைச்சுப் பிழியுங்க. குடிக்கறதுக்கு நீர்த்துப்போய் இருக்கும், குழம்புக்கும் கூட்டுக்கும் சப்பாத்தி பிசையவும் ஆகும், பச்சை முறையில எடுத்ததுன்னா அதையும் கொதிக்க வச்சுதான். ரெண்டு தடவை எடுத்த சக்கைல ருசி இன்னும் குறையும், அதனால நான் உசிலி வடைக்கு முதல் சக்கையையும், பொடிக்கு ரெண்டாவதையும் எடுத்துக்குவேன்.

"சின்னதா சோயா பால் வியாபாரம் ஆரம்பிச்சிருக்கேன், தினமும் இருபது கிலோ சக்கை சேருது. வீட்டு வழி எல்லாம் எனக்கு எப்படிப் பத்தும்?"

பத்தாது. இந்த அளவுக்கு வெயில்ல காயப்போடறதை நம்பாதீங்க, நடுவுல ஒரு மேகமூட்டம் வந்தா மொத்தமும் போச்சு. பக்கத்துல கறவை மாடு வச்சிருக்கறவங்க ரெண்டு மூணு பேரைப் பிடிச்சு, காலையில பால் எடுத்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள அவங்க வந்து தூக்கிட்டுப் போற மாதிரி பேசிக்கோங்க. ஒருத்தரை மட்டும் நம்பினா அவர் ஊருக்குப் போன அன்னிக்கு மாட்டிக்குவீங்க. யூரியா பத்தி மேல சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லிடுங்க, முடிஞ்சா விழுதாவே கொதிக்க வச்சு வெந்த சக்கையா கொடுங்க.

அதுல ரெண்டு மூணு கிலோவை மட்டும் எடுத்து அடை மாவாவோ இட்லிப் பொடியாவோ விக்க நினைச்சா, அது தனி உணவுப் பொருள், எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட பதிவுல அதையும் சேர்க்கணும், பாக்கெட் மேல சோயா இருக்குன்னு தெளிவா போடணும், அலர்ஜி உள்ளவங்க பார்த்து ஒதுங்கிக்குவாங்க. பொடியில இருந்து ஆரம்பிங்க, ஈர மாவைவிட அதுல கெட்டுப்போற பயம் கம்மி.